அசைய வேண்டாம் என்று சொன்னவர்

செய்தி வந்தபோது நான் மாத்தளை பஸ் நிலையத்தில் இரத்தோட்டை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பகல் பதினொரு மணி இருக்கும். கைபேசியில் சுதன். டொக்டர் யோகேஸ்வரியின் தங்கை மகன். "பெரியம்மா மோசம் போயிட்டா, அங்கிள்" என்றார். காலையில் முகம் துடைத்துவிடப் போனபோது மூச்சு இல்லையாம். இன்னாலில்லாஹி என்று வாய் தானாகச் சொன்னது. எதிர்பார்த்த செய்திதான். நான்கு நாளைக்கு முன்தான் கொழும்புக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். பிறகு சுதன், பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார். "நீங்கள் வந்திட்டுப் போனதுக்குப் பிறகு அவ ஒருக்காலும் அசையேல்ல, அங்கிள். அதுவரைக்கும் பெயர் சொன்னால் பெருவிரலைத் தூக்கிக்கொண்டிருந்தவ." பஸ் வந்தது. நான் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் போதும் என்று சுதன் கேட்டிருந்தார். ஒரு பக்கத்தில் முடியாது, மன்னிக்க வேண்டும். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அவரோடு வேலை செய்தவர்கள், சிலர் அவரிடம் படித்தவர்கள். 'ஹனிபா பார்த்த விரல்' என்ற கதையை அவர் வாயால் கேட்காதவர்கள் உங்களில் குறைவு. அந்த ஹனிபா நான்தான். அவரோடு பத்து வருடத்துக்கு மேல் தாதியாக வேலை பார்த்தவன். அந்தக் கதையின் முடிவில் அசைகிற விரலை நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று அவரிடம் சொன்னது பொய். அந்தப் பொய்யை இருபது வருடத்துக்குக் கிட்டக் காப்பாற்றினேன்.

அவர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது எழுபதுகளின் கடைசியில். ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துப் பெண், மெலிந்த உடம்பு, குரல் மட்டும் ஆளைவிடப் பெரியது. மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் என்பதால் வந்த வாரமே அட்டென்டன்மார் சிங்களத்தில் அம்மணிக்குச் சொல்லும் 'நோனா'வைச் சேர்த்து 'நித்திரை நோனா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது காதில் விழுந்ததும் அவருக்குக் கோபம் வந்தது. நோனாவுக்காக இல்லை, நித்திரைக்காக. "நித்திரை எண்டு ஆர் சொன்னது? நித்திரையெண்டா ஆள் வீட்டுக்குள்ள படுத்திருக்கிறார். கதவைத் தட்டினா எழும்பி வருவார். நான் குடுக்கிற மருந்தில வீடு இருக்கும், ஆள் எங்கையெண்டு எனக்கே தெரியாது."

மற்ற டொக்டர்மார் மயங்கப்போகிறவரை நூறிலிருந்து பின்னுக்கு எண்ணச் சொல்வார்கள். இவர், "வீட்டுக்குப் போற வழியைச் சொல்லுங்கோ" என்பார். ஊசி ஏற ஏற ஆள் வழி சொல்லிக்கொண்டே போவார். எந்த இடத்தில் பேச்சு நின்றது என்று டொக்டர் மனதில் குறித்துக்கொள்வார். கலேவெலயில் மரக்கறி வியாபாரம் செய்யும் எங்கள் ஆள் ஒருவர், குடல் அறுவைக்கு வந்தவர், "நாலந்தா தாண்டி, அந்தச் சின்னப் பாலத்தையும் தாண்டினா…" என்று நின்றார். இரண்டரை மணி நேரம் வேலை நடந்தது. கண் திறந்ததும் அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல், "எங்கட மச்சான்ட கட" என்பது. டொக்டர் கையுறையைக் கழற்றாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "நாங்கள் வெட்டி, தைச்சு, கழுவி முடிச்சிட்டம். அவருக்கு ஒரு மூச்சுகூடப் போகேல்ல. அந்த ரெண்டரை மணித்தியாலம் ஆருக்குச் சொந்தம், ஹனிபா?" எனக்குத்தான் டொக்டர், கால் கடுக்க நின்றது நான்தானே என்றேன். சிரித்தார். ஆனால் கேள்வியை விடவில்லை.

அறுவை இல்லாத நாட்களில் பிளேன்டீ குடித்துக்கொண்டு இந்தக் கேள்வியைத்தான் கதைப்போம். வெளிநாட்டிலிருந்து சிநேகிதிகள் அனுப்பும் கட்டுரைகளை வாசித்துவிட்டு வந்து எனக்குப் பிரித்துச் சொல்வார். "ஒருத்தர் சொல்றார், மூளை ஒரு பெரிய மண்டபமாம். உள்ளே ஆயிரம் பேர் தங்கட தங்கட வேலையைச் செய்யினம். ஒலிபெருக்கியில வாறதை மட்டும்தான் எல்லாரும் கேட்கினம். அதுதானாம் உணர்வு. இன்னொருத்தர் சொல்றார், பாகங்கள் ஒண்டோடொண்டு எவ்வளவு பின்னிக் கிடக்குதோ அவ்வளவுக்கு உணர்வு, கல்லிலயும் ஒரு துளி இருக்கலாமெண்டு. மூண்டாமவர் பொல்லாதவர். உள்ளே ஒருத்தரும் இல்லை, 'நான் இருக்கிறன்' எண்ட பேச்சு மட்டும்தான் இருக்கு எண்டுறார்." நீங்க எந்தக் கட்சி டொக்டர் என்று கேட்டேன். "நான் ஊசிக் கட்சி. மூண்டு பேரையும் விழுத்த ஒரே அளவு மருந்து போதும்" என்றார்.

அவர் வீட்டார் பழைய சைவர்கள். நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என்று ஐந்து நிலையை விரல் மடித்துச் சொல்வார். தன் மருந்து ஆளை எந்தப் படியில் கொண்டுபோய் நிறுத்துகிறது என்று எந்தச் சாமியும் எழுதி வைக்கவில்லையே என்பது அவருடைய மனக்குறை. ரூஹ் என்கிற உயிர் இறைவனான ரப்புடைய விஷயம், நமக்கேன் டொக்டர் என்பேன் நான். "உங்கட ரப்பின்ர விசயத்திலதான் நான் ஒவ்வொரு நாளும் ஊசி குத்திறன். எனக்குப் பயமா இருக்காதா?" என்றார் ஒரு நாள். அதுவரை அவருக்குப் பயம் என்று ஒன்று இருப்பதாகவே நான் நினைத்ததில்லை.

அந்தப் பயம் சரியென்று ஒரு பெண் வந்து காட்டிவிட்டுப் போனார். இரத்தோட்டைப் பக்கத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர், பெயர் பாக்கியம், கர்ப்பப்பை அறுவை. மயக்குவதில் இரண்டு மருந்து உண்டு. ஒன்று உடம்பை அசையாமல் வைத்திருப்பது, மற்றது நினைவை எடுப்பது. அன்று முதலாவது ஒழுங்காக வேலை செய்தது. இரண்டாவது நடுவில் தீர்ந்துபோனது டொக்டர் உட்பட எங்கள் யாருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் நான் மருந்து கட்டப் போனபோது பாக்கியம் மெல்லக் கேட்டார்: "ஐயா, பெரிய டொக்டரோட மிளகுக் கொடியெல்லாம் பட்டுப்போச்சுன்னு பேசிக்கிட்டீங்களே, இப்ப தளுத்திருச்சுங்களா?"

அது தியேட்டருக்குள், அவர் வயிறு திறந்திருந்த நேரத்தில், அறுவை செய்த பெரிய டொக்டரோடு நாங்கள் பேசிய பேச்சு.

டொக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் நேரே வார்டுக்கு வந்து, எல்லோரும் பார்க்க, பாக்கியத்தின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தப் பெண் பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டார். "ஐயோ வேணாங்க டொக்டரம்மா. வலிகூட பொறுத்துக்கிட்டேங்க. நா உள்ள இருக்கேன்னு யாருக்குமே தெரியலயே, அதுதாங்க பயமா இருந்துச்சு. கத்துறேன், எனக்கே கேக்கல." இந்தக் கடைசிச் சொல்லை டொக்டர் பல காலத்துக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் அவர் என்னிடம் தல்கீனைப் பற்றிக் கேட்டார். எங்கள் அட்டென்டன் ரசீன் மௌத்தானபோது டொக்டர் அடக்கம் செய்யும் மையவாடியின் மதிலுக்கு வெளியே ரோட்டில் நின்றிருந்தார். அடக்கி முடித்து எல்லோரும் எழும்பிய பிறகு தொழவைக்கும் லெப்பை மட்டும் தலைமாட்டில் உட்கார்ந்து, மண்ணுக்குள் இருப்பவரை அவருடைய தாயின் பெயர் சொல்லி, இன்னாருடைய மகனே என்று கூப்பிட்டுப் பேசியது மதிலுக்கு இப்பால் கேட்டிருக்கிறது. அது என்ன என்று கேட்டார். கப்ர்க் குழிக்குள் கேள்வி கேட்க மலக்குகள் என்ற வானவர் இருவர் வருவார்கள், அவர்கள் வருவதற்கு முன் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது என்றேன்.

"அவருக்குக் கேட்குதா?"

"கேக்குதுன்டுதான் செல்றாங்க."

"கேட்கேல்லயெண்டா?"

"கேக்காட்டி நஷ்டம் ஒண்டுமில்ல டொக்டர். அவருக்குக் கேக்குற நேரம் நாம செல்லாம உட்டுட்டாத்தான் மோசம்."

ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். மறுநாளிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு புது வழக்கம் தொடங்கியது. நினைவில்லாமல் கிடக்கும் எவரையும், தொடுவதற்கு முன் பெயரையும் தாயின் பெயரையும் சொல்லிக் கூப்பிட வேண்டும். பிறகு யார் பேசுகிறோம், இன்று என்ன கிழமை, எத்தனை மணி, வெளியே மழையா வெயிலா, இப்போது உங்களுக்கு என்ன செய்யப்போகிறோம், இவ்வளவும் அவருடைய பாஷையில். சிங்களவருக்குச் சிங்களத்தில், எங்களுக்குத் தமிழில். பெண் தாதிகளான மிஸ்ஸிமார் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தளம் கூட்டுகிறவர்கூடப் பிறகு "மழை வருது மாத்தயா" என்று சொல்லிவிட்டுத்தான் கட்டிலுக்கடியில் கூட்டுவார். டொக்டர் இதற்கு 'ஹனிபாவின் விதி' என்று பெயர் வைத்தார். கேட்கும் நேரத்தில் சொல்லாமல் விடக்கூடாது என்ற அந்த விதியை உடைத்தவன் நான்தான்.

எண்பதுகளின் கடைசி அது. அந்தக் காலத்தைப் பற்றி மாத்தளைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரசாங்கம் சிங்கள இளைஞர்களின் கிளர்ச்சியை அடக்கிய காலம், காலையில் ரோட்டில் என்ன கிடக்கும் என்று பார்த்துப் பார்த்து நடந்த காலம். நாலந்தாவுக்கு அப்பால் ரோட்டோரத்தில் கிடந்தார் என்று ஒரு லொறிக்காரர் ஒருவரைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் ஓடிவிட்டார். மண்டையில் அடி. சட்டைப்பையில் இருந்த அடையாள அட்டையில் குணபால, ஆசிரியர், கலேவெலப் பக்கத்து ஊர். முப்பது வயதிருக்கும். மறுநாளே இரண்டு பேர் வந்தார்கள். சீருடை இல்லை, ஆனால் பேச்சில் இருந்தது. ஆளுக்கு நினைவு வந்தால் உடனே அறிவிக்க வேண்டும், கொஞ்சம் கேட்க வேண்டியிருக்கிறது என்றார்கள். அப்படிக் கேட்பதற்காக வார்டிலிருந்து கொண்டுபோகப்பட்ட எவரும் திரும்பி வந்ததை நாங்கள் கண்டதில்லை.

குணபாலவின் தாய் கலேவெலயிலிருந்து வந்து, பெயர் சோமாவதி என்றார். அன்றிலிருந்து டொக்டர் காலையில் மகனின் காதருகே குனிந்து, "சோமாவதியின் மகன் குணபால, நான் டொக்டர், இன்று புதன்கிழமை" என்று சிங்களத்தில் தொடங்குவார். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, அப்படிச் சொன்னபோது வலது கைப் பெருவிரல் எழும்பியது. தற்செயல் என்று நினைத்தோம். மறுநாளும் எழும்பியது. டொக்டர் சோதித்தார். "உங்கள் அம்மா வந்திருந்தால் விரலைத் தூக்குங்கள்." தூக்கினார். "நீங்கள் இருப்பது கண்டி என்றால் தூக்குங்கள்." தூக்கவில்லை. முகத்தில் ஒன்றுமில்லை, கண்ணிமை அசையவில்லை, மூச்சு ஒரே சீராக ஏறி இறங்குகிறது. விரல் மட்டும் சரியான பதிலைச் சொல்கிறது. பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து யாரோ மெல்லத் தட்டுவது போலிருந்தது. உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது.

டொக்டர் நோயாளியின் நிலையைக் குறிக்கும் டிக்கெட்டை எடுத்து எழுதப் போனார். நான் பேனையைப் பிடித்தேன். "இத எழுதினா நாளைக்கே கொண்டு போவாங்க, டொக்டர்." அவர் என்னைப் பார்த்தார், வார்டு வாசலைப் பார்த்தார், பிறகு 'எந்த அசைவும் இல்லை' என்று எழுதினார். "என்ர கையெழுத்தில நான் எழுதின முதல் பொய் இது" என்றார்.

இரண்டு நாள் கழித்துப் பத்து மணிக்கு அந்த இரண்டு பேரும் வந்தார்கள். கூடவே மூன்றாவதாக ஒருவர், எங்கள் வேலை தெரிந்தவர் போலிருந்தது. சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். டொக்டர், துணியை ஒழுங்குபடுத்திவிட்டு வருகிறேன் என்று முன்னால் போனார். நான் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றதால் எனக்குக் கேட்டது. "சோமாவதியின் மகன் குணபால, நான் டொக்டர். கேள்வி கேட்க ஆட்கள் வருகிறார்கள். அசைய வேண்டாம். என்ன செய்தாலும் அசைய வேண்டாம். நானோ ஹனிபாவோ வந்து 'போதும்' என்று சொல்லும் வரைக்கும் அசைய வேண்டாம்."

வந்தவர் குணபாலவின் பெருவிரல் நகத்தில் பேனையை வைத்து அழுத்தினார். நகம் வெள்ளையாகி, பிறகு நீலமாகியது. நான் மனதுக்குள் கலிமாச் சொல்லிக்கொண்டிருந்தேன். விரல் அசையவில்லை. மற்றக் கையிலும் செய்தார். பிறகு நிமிர்ந்து, ஆள் முடிந்தது என்பது போல் கையை உதறினார். போய்விட்டார்கள். டொக்டர் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "உணர்வு இருக்கிற மனிசனாலே அதைத் தாங்க ஏலாது, ஹனிபா. ஒண்டில் இவர் போயிட்டார். இல்லாட்டி, உள்ளே இருந்துகொண்டு நான் சொன்னதைக் கேட்டவர்."

அன்று முழுக்க அவர்களில் ஒருவர் வார்டுக்கு எதிரே மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். டொக்டரால் கட்டிலுக்குப் போக முடியவில்லை. மறுநாள் காலையில் அவருக்கு மாற்றல் கடிதம். தூரத்து மாகாணத்தில் ஓர் ஆஸ்பத்திரி, இன்றே புறப்பட வேண்டும், வாகனம் வாசலில். அது தற்செயலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. படியில் இறங்கும்போது பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "அவருக்குச் சொல்லிவிடுங்கோ, ஹனிபா. மறக்காதேங்கோ" என்றார். சரி டொக்டர் என்றேன்.

நான் மறக்கவில்லை. பயந்தேன். வாங்கில் ஆள் இருந்த நாட்களில் அவருக்குப் பயந்தேன். ஒரு கிழமைக்குப் பிறகு வாங்கு வெறுமையானது. அப்போது பக்கத்துக் கட்டிலில் புதிதாக வந்தவருக்குப் பயந்தேன். எனக்கு மூன்று பிள்ளைகள். குணபால மறுபடி அசைந்தால் மறுபடி வருவார்கள், யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்பார்கள். தினமும் காலையில் போய், சோமாவதியின் மகன் குணபால, ஹனிபா பேசுகிறேன், இன்று வெள்ளி, வெயில் என்று எல்லாம் சொன்னேன். அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை. விரல் அசையவும் இல்லை. புதிதாக வந்த டொக்டர், மூளை இன்னும் மோசமாகிவிட்டது என்றார். அப்படித்தான் இருக்கும் என்று நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் குனிந்து பேசும்போதெல்லாம், அந்தச் சீரான மூச்சு நான் வாயைத் திறந்ததும் ஒரு கணம் நிற்பது போல எனக்குப் பட்டது. யாரோ காத்திருந்து கேட்பது போல. நான் பேசி முடித்ததும் அது மறுபடி தொடங்கும்.

டொக்டர் போன பத்தொன்பதாம் நாள் தாய் அவரை வீட்டுக்குக் கொண்டுபோக வந்தார். வீட்டில் உயிர் போகட்டும் என்பதுதான் அதன் அர்த்தம். வேனில் ஏற்றும்போது நான்தான் தலைப்பக்கம் பிடித்தேன். காதுக்கும் என் வாய்க்கும் ஒரு சாண்கூட இல்லை. வேன் கதவருகே சாரமும் சேர்ட்டும் உடுத்த ஒருவர் நின்றார். மாமாவாக இருக்கலாம், யாராகவும் இருக்கலாம். நான் வாயை மூடிக்கொண்டேன். வேன் கலேவெல ரோட்டில் திரும்பி மறைந்தது. நான்காம் நாள் குணபால போய்விட்டார் என்று வேன்காரர் வந்து சொன்னார். கடைசி வரை ஆடாமல் அசையாமல், சொன்ன சொல் கேட்கிற பிள்ளை மாதிரிக் கிடந்தாராம்.

டொக்டரிடமிருந்து அந்த மாதம் ஒரு தபாலட்டை வந்தது. ஒரே வரி. "சொன்னீங்களா?" இரண்டு நாள் அதை வைத்துக்கொண்டு திரிந்துவிட்டுப் பதில் எழுதினேன். "சொன்னேன், டொக்டர். பெருவிரல் அசைந்தது. பிறகு அமைதியாகப் போனார்."

அவரை ஆறுதல்படுத்தத்தான் எழுதினேன் என்று எனக்கு நானே கதை விட்டுக்கொண்டேன். அந்த அட்டை இப்படி வளரும் என்று யார் கண்டது? ஓய்வுபெற்றுக் கொழும்பில் இருந்தபோது அவர் மாணவர்களுக்கு வகுப்பு எடுத்தார். எந்தக் கொள்கையையும் மேசையில் வைத்துக் குடைந்து குடைந்து பார்ப்பார், எதையும் முழுதாக நம்பமாட்டார். ஆனால் உள்ளே ஆள் இருக்கிறாரா என்று யாராவது கேட்டால் மட்டும், "எனக்கு ஒரு சாட்சி இருக்கு" என்று தொடங்குவாராம். நகம் நீலமான பிறகும் அசையாத விரல், 'போதும்' என்றதும் அசைந்தது. கேட்டது, விளங்கியது, தாங்கியது, காத்திருந்தது. இது வெறும் நரம்புத் துடிப்பு இல்லை, ஒரு மனிதன். "ஹனிபா பார்த்தவர்." பெருநாளுக்குப் பெருநாள் எனக்குத் தொலைபேசி எடுப்பார். வாழ்த்துச் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்பார்: "எந்தக் கை, ஹனிபா?" வலது கை, டொக்டர் என்பேன். வலது கை என்று தானும் ஒருமுறை சொல்லிவிட்டு வைப்பார். அந்த ஒரு கேள்விக்காக வருடம் முழுதும் பயந்திருக்கிறேன்.

அவருக்குப் பாரிசவாதம் வந்து விழுந்துவிட்டார் என்று சுதன் அறிவித்தபோது, இனித் தள்ளிப்போட முடியாது என்று பஸ் ஏறினேன். வழியில் இரண்டு சோதனைச் சாவடியில் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். சுதன் வீட்டு முன்னறையில், ஜன்னல் பக்கத்தில் கட்டில் போட்டிருந்தார்கள். நல்ல வெளிச்சம். முகத்தில் ஒன்றுமில்லை. மூச்சு ஒரே சீராக இருந்தது. "பெயர் சொன்னா விரல் தூக்கிறா, அங்கிள். டொக்டர்மார் அது சும்மா துடிப்பு எண்டுகினம்" என்று சொல்லிவிட்டுச் சுதன் தேத்தண்ணி போடப் போனார். நான் குனிந்து சொன்னேன். டொக்டர், ஹனிபா பேசுறேன். இன்னைக்கு ஞாயிற்றுக்கிழமை, மூணு மணி, வெளிய வெயில்.

வலது கைப் பெருவிரல் எழும்பியது.

வாழ்க்கையில் ஒருமுறை பொய்யாகப் பார்த்ததை அன்று மெய்யாகப் பார்த்தேன். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வாங்கில் இருந்தவன், பக்கத்துக் கட்டில், வேன், தபாலட்டை எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது. நடந்ததை நடந்தபடியே சொல்ல வேண்டும் என்று, அன்று அவர் குணபாலவின் காதில் சொன்னதை அவர் சொன்ன அதே சிங்களத்தில், அதே மெல்லிய குரலில் சொன்னேன். கேள்வி கேட்க ஆட்கள் வருகிறார்கள். அசைய வேண்டாம். நானோ ஹனிபாவோ வந்து 'போதும்' என்று சொல்லும் வரைக்கும் அசைய வேண்டாம். விரல் மெல்ல இறங்கிப் படுக்கையில் படிந்தது. கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். கோபப்பட உரிமை உள்ளவர்தானே. மன்னிப்புக் கேட்டேன். ஒன்றுமில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிய நிம்மதியோடு பஸ் ஏறினேன். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

நான்கு நாள் கழித்துப் பஸ் நிலையத்தில் சுதன் சொன்ன பிறகுதான், நான் அவர் காதில் எதைச் சொன்னேன், எதைச் சொல்லாமல் வந்தேன் என்பது உறைத்தது.

இரண்டாவது முறையும் இரத்தம் கட்டியிருக்கலாம் என்று சுதனிடம் டொக்டர்மார் சொல்லியிருக்கிறார்கள். இருக்கும். குணபாலவுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நான் ஓய்வுபெற்ற தாதி. எது விஞ்ஞானம், எது என் மனக்குற்றம் என்று பிரிக்கிற படிப்பு எனக்கில்லை. அதைப் பிரிக்கத் தெரிந்த ஒரே ஆள் டொக்டர்தான். மையத்து வீட்டுக்குப் போனேன். பெட்டியைச் சுற்றி நிறையச் சனம். குனிந்து காதில் பேச இடம் கிடைக்கவில்லை, அல்லது மறுபடியும் எனக்குத் துணிவு வரவில்லை. அந்தச் சொல்லைச் சொல்லாமல் விட்டது இது மூன்றாவது தரம். பிறகு தகனம். எங்கள் ஆட்கள் என்றால் தலைமாட்டில் உட்கார மண்ணாவது இருந்திருக்கும்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் காலை வழக்கம் மட்டும்தான். சொந்தத்தில் யார் நினைவிழந்து கிடந்தாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் போய்ப் பெயரும், தாயின் பெயரும், கிழமையும், மணியும், மழையும் வெயிலும் சொல்கிறேன். இப்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். போக விரும்பினால் போகலாம், இருக்க விரும்பினால் இருக்கலாம், யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

நேற்றுச் சுதனுக்குத் தொலைபேசி எடுத்து, அவருடைய அம்மம்மாவின், அதாவது டொக்டருடைய தாயின், பெயர் என்ன என்று கேட்டேன். எதற்கு அங்கிள் என்றார். மலருக்குத்தான் என்றேன். இந்த முறை பொய் சொல்லவில்லை. இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களை ஒன்று கேட்கிறேன். இனி வருவதைக் கண்ணால் மட்டும் வாசிக்க வேண்டாம், கொஞ்சம் வாய்விட்டு வாசியுங்கள். கேட்காவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை.

அன்னலட்சுமியின் மகள் யோகேஸ்வரி, ஹனிபா பேசுறேன், டொக்டர். இன்னைக்கு வியாழக்கிழமை. காலையில பத்து மணி. மாத்தளையில மழை விட்டுட்டுது. கேள்வி கேக்க வந்தவங்க எல்லாரும் போயிட்டாங்க. வாங்கில ஒருத்தரும் இல்ல. குணபாலவும் அங்கதான் எங்கயாவது காத்துக்கிட்டு இருப்பாரு, அவருக்கும் செல்லிடுங்க.

போதும், டொக்டர். இனி அசையலாம்.